ஞாயிறு ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே. விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாம் ஆடப்போவது 1974-இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டங்களுக்கே அதுதான் முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ இருமுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். தட்டலாம், பேச்சுக் கொடுக்கலாம், உடைக்கலாம். உடைப்பதென்றால் இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு உங்கள் பாத்திரத்தின் பலத்துக்கான எண்ணைக் கூட்டுங்கள். கதவுக்கு 15 தேவை என்றால், 12 விழுந்து பலம் 3 இருந்தால் உடைந்துவிடும். உடையாவிட்டாலும் கதை வேறு பக்கம் திரும்பும். எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். பென்சில், ரப்பர் மட்டும் போதும், பகடை நான் கொண்டுவருகிறேன். கூச்சமாக இருந்தால் முதல் நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், சரியா?