நாரிப்பிடிப்பும் ஒரு படிவமும்

விசுவமடு,
கார்த்திகை, மழை நாள்.

அன்பின் மச்சான்,

உன் குரல் பதிவு மூன்றும் கேட்டேன். மூன்றாவதில் பாதி இருமல், மீதி லண்டன் குளிரைத் திட்டினது. நீ கேட்ட கேள்விக்கு நானும் வாயால் பதில் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் வேறு கதைக்குப் போய்விடுவேன். அதனால்தான் கொப்பித் தாளில் எழுதுகிறேன். சின்னவன் படம் பிடித்து அனுப்புவான்.

ஊர்ப் புதினம் பெரிதாக இல்லை. மானாவாரி வயல் முளைத்து ஒரு சாண் நிற்கிறது. போன கிழமை பெய்த மழையில் கீழ் வரம்பு உடைத்துக்கொண்டது. முன்பென்றால் நானே மண்வெட்டியோடு இறங்கியிருப்பேன். இப்போது வரம்பில் குடையோடு நின்று பெடியங்களுக்குக் கட்டளை போடுகிற ஆளாகிவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும், நாரி, இந்தக் கீழ் முதுகு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நாரி வலிக்கு மகள் கைரோபிராக்டரிடம், அதுதான் முதுகெலும்பைக் கையால் அழுத்தி வைத்தியம் செய்கிறவரிடம், பதிந்துவிட்டாள், போகட்டோ விடட்டோ என்று கேட்டிருந்தாய். போ. ஆனால் அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. இணையத்தில் நிரப்பின படிவத்தில் 'பழைய காயங்கள்' என்ற இடத்தில் மகள் 'இல்லை' என்று போட்டாள் என்று சிரித்துக்கொண்டு சொன்னாயே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. உன் இடது தோளுக்குப் பின்னால் 1996 இலிருந்து இருக்கிறது என்ன, நுளம்பு கடித்த தழும்பா?

என் கதையைக் கேட்டால் ஏன் சொல்கிறேன் என்று விளங்கும். போன வருடம் மூத்தவளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடாவில், ஸ்காபரோவில் ஐந்து மாதம் நின்றேன். வாழ்நாள் முழுக்க ஐம்பது கிலோ யூரியாப் பையைத் தோளில் தூக்கினவனை விழுத்தினது எது தெரியுமா? பேத்தியின் கார் சீட். காருக்குள் குனிந்து, பாதி திரும்பி, ஒரு கையால் இழுத்தேன். 'கிளுக்' என்று ஏதோ பிடித்தது. பிறகு மூன்று நாள் கழிவறைக்குப் போகவும் சுவர் பிடிக்க வேண்டியிருந்தது. கொண்டுபோன சித்தாலேப டப்பா பாதியாகிவிட்டது.

மூத்தவள் பயந்துபோய் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனாள். பெயர் வேண்டாம். பத்து நிமிடத்தில் எக்ஸ்றே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, உங்கள் முதுகெலும்பு எண்பது வயதுக்காரனுடையது, முப்பத்தாறு தரம் வர வேண்டும், முழுக் காசையும் முதலே கட்டினால் கழிவு உண்டு என்றார் அந்த மனிதர். மகள் கார்ட்டை எடுத்தேவிட்டாள். அந்தப் படத்தில் என் நாரிக்குப் பக்கத்தில் பயற்றம் விதை அளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது மச்சான். அதைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பி வந்துவிட்டேன்.

எண்பது வயது முதுகெலும்பு என்ற பேச்சுக்கு நீயும் மயங்காதே. வலியே இல்லாதவர்களின் ஸ்கான்களைச் சேர்த்துப் பார்த்து 2015 இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு தேய்ந்திருந்ததாம். எண்பதில் 96 பேருக்கு. அது தலை நரைப்பது மாதிரி. படத்தில் தேய்வு தெரிகிறது என்பதற்காக வலி அதனால்தான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்தவள் ஒரு தமிழ்ப் பிள்ளை. அங்கேயே பிறந்தவள், தமிழ் கொஞ்சம் உடைத்து உடைத்துப் பேசுவாள். முதல் நாற்பது நிமிடமும் என்னைத் தொடவே இல்லை, கேள்விதான். சலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா, உட்காருகிற இடத்தைச் சுற்றி மரத்திருக்கிறதா, காரணமில்லாமல் மெலிந்தீர்களா, இரவில் காய்ச்சல் வருகிறதா, புற்றுநோய் இருந்ததா, ஸ்டீரொய்ட் குளிசை நெடுநாள் போட்டீர்களா? இதில் எதற்காவது ஆம் என்றால் கைரோபிராக்டர் மேசை அல்ல, ஆஸ்பத்திரிதான் இடம். முக்கியமாக அந்தச் சலமும் மரப்பும். முதுகுத்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கற்றை நெரிபட்டால் அப்படி வரும். மணித்தியாலக் கணக்கில் ஓட வேண்டிய விஷயம் அது, உனக்கும் வந்தால் மகளை எழுப்பு.

பிறகு நிமிர்த்திப் படுக்க வைத்து, காலை மடக்காமல் மெல்ல உயர்த்தினாள். குதிக்காலில் நடக்கச் சொன்னாள், நுனிவிரலில் நடக்கச் சொன்னாள், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினாள். நரம்பு நெரிபட்டிருக்கிறதா, வெறும் பிடிப்பா என்று பார்க்கிற வழி. எல்லாம் முடிந்துதான் அந்தப் பழைய எக்ஸ்றேயைத் திறந்தாள்.

"அங்கிள், இது என்ன?"

"அது பீஸ்."

"என்ன பீஸ்?"

"செல் பீஸ், எறிகணைத் துண்டு. 2009 தை மாதம், சண்டைக்குள், புதுக்குடியிருப்பில்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் பக்கத்துக் கதிரையில். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, நான் காயப்பட்டது தெரியும். ஆனால் அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பேசவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "ஏனப்பா சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன சொல்ல? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு உடம்பில் ஒரு துண்டு இருக்கும், யார் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை நீளமாகத் தட்டச்சு செய்தாள். பீஸ் இருக்கிற மட்டத்தில் வேகமாக அழுத்துவதில்லை என்று முடிவெடுத்தாள். எம்ஆர்ஐ எடுக்க எங்கே போனாலும் உலோகத் துண்டு இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். அது பெரிய காந்தம், இரும்பென்றால் அசைக்கும், சூடாக்கும். மகளின் குடும்ப வைத்தியருக்கும் ஒரு கடிதம் தந்தாள். இதெல்லாம் நடந்தது நான் வாய் திறந்தபடியால். அதனால்தான் சொல்கிறேன், உன் படிவத்தை மாற்று. தோள் பீஸையும் எழுது, இரத்தம் உறையாமல் நீ போடுகிற குளிசையையும் எழுது. அந்தக் குளிசை போடுகிறவர்களுக்கும் எலும்பு ஐதானவர்களுக்கும் பலமாக அழுத்துவதில் ஆபத்து உண்டு.

மேசை எப்படியிருக்கும் என்று கேட்டாயே. நீளக் கட்டில், தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை. குப்புறப் படுத்தால் அவளுடைய சப்பாத்து மட்டும் தெரியும். நடுமுதுகில் உள்ளங்கையை வைத்து, மூச்சை விடுங்கள் என்றாள், விட்டேன், சடக்கென்று ஒரு அழுத்து. 'டக்' என்று கேட்டது. வலியில்லை, ஆனால் நான் துள்ளிவிட்டேன். எங்கள் காதுக்கு எந்தச் சத்தமும் முதலில் வேறு மாதிரித்தான் கேட்கும். எலும்பு முறிந்ததல்ல, எலும்பு இடத்துக்கு வந்ததும் அல்ல. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சடுதியாகக் குறைய வாயுக் குமிழ் உண்டாகிற சத்தம். அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் விரல் நெட்டி முறிப்பதை எம்ஆர்ஐக்குள் வைத்தே படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க வைத்தியர், நெட்டி முறித்தால் வாதம் வரும் என்று தாய் ஏசினதால், அறுபது வருடம் ஒரு கையில் மட்டும் முறித்துப் பார்த்தாராம். இரண்டு கையும் ஒன்றுபோலவே இருந்தன. அதற்கு 2009 இல் பகிடி நோபல் பரிசும் கொடுத்தார்கள். உன் அம்மா உன்னை ஏசினது நினைவிருக்கிறதா?

நாரிப் பகுதியில் கையால் மெதுவாக அசைத்தாள், பிறகு பேனை மாதிரி வில்லுப் போட்ட ஒரு கருவியால் 'டிக் டிக்' என்று தட்டினாள். அன்றிரவு அடி வாங்கினவன் மாதிரி உடம்பு நொந்தது. ஒரு நாள், கூடினால் இரண்டு நாள் அப்படி இருக்கும் என்று முதலே சொல்லியிருந்தாள். மூன்றாம் தரம் போகும்போது சுவர் பிடிக்காமல் நடந்தேன். மூன்று கிழமையில் ஐந்து தரம் போனேன், பிறகு, இனி வர வேண்டாம், பயிற்சியைச் செய்யுங்கள் என்றாள். காசு மருமகனின் வேலைக் காப்புறுதியில் வராது, நான் விருந்தாளிதானே. முழுக்கக் கையால்தான் கட்டினோம். ஒன்ராறியோ அரசாங்கக் காப்புறுதியும் 2004 இலேயே இதற்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது.

குணமாக்கினது அவளா, நாட்களா? எனக்கே சந்தேகம். திடீரென்று வருகிற நாரிப்பிடிப்பில் பெரும்பாலானது சில கிழமைகளில் தானாகவே இறங்கிவிடும். அந்தப் பிள்ளையும் அதை மறைக்கவில்லை. நெடுநாள் முதுகு வலிக்கு இப்படி முதுகெலும்பைக் கையாளுகிற வைத்தியத்தையும் ஒரு வழியாகச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொல்லியிருக்கிறது. வைத்தியத்துக்கு வழிகாட்டல் எழுதுகிற உன் நாட்டு நைஸ் அமைப்பு 2016 இல் சொன்னது இன்னும் கறார்: பயிற்சியோடு சேர்த்தென்றால் மட்டும். அதாவது அழுத்தினால் வலி கொஞ்சம் குறையும், அந்த இடைவெளியில் நீ உடம்பை அசைக்க வேண்டும். அழுத்துவதற்கு மட்டும் போய் வந்தால், தண்ணி இறைத்து இறைத்து உடைந்த வாய்க்காலுக்குள் விடுகிற வேலை.

கழுத்தை மட்டும் தொட விடாதே. சடக்கென்று கழுத்தைத் திருப்புவதில் மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்த சம்பவங்கள் உண்டு, மிக அரிது. அரிதுதான், ஆனால் உனக்கு நாரிக்குத்தானே வலி, கழுத்தை ஏன் பணயம் வைக்க வேண்டும்? முழங்காலுக்கும் அவர்கள் ஏதோ செய்வார்கள். தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கையும் வளர்க்காது. தொடைச் சதையைப் பலப்படுத்து, ஒரு ஐந்து கிலோவைக் குறை.

இன்னொன்று, இங்கிலாந்தில் 1994 இல் வந்த சட்டப்படி பதிவில்லாமல் ஒருவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்ல முடியாது. பொதுக் கைரோபிராக்டிக் சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கச் சொல்லு மகளிடம். காது கேளாமை, ஆஸ்மா, பிள்ளையின் அழுகை எல்லாவற்றுக்கும் முதுகெலும்புதான் காரணம் என்று யாராவது தொடங்கினால் எழும்பி வா. அந்தக் கதை தொடங்கினதே காதில்தான். 1895 இல் டேவன்போர்ட் என்ற அமெரிக்க ஊரில் டேனியல் டேவிட் பால்மர், காது கேளாத கட்டடக் காவலாளி ஒருவரின் முதுகை அழுத்த அவருக்குக் காது கேட்டதாம். பால்மர் பிறந்தது எங்கே தெரியுமா? ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில். இப்போது எங்கள் சனம் வீடு வாங்குகிற அதே பிக்கரிங். எங்கள் முறிவு நெரிவுப் பரியாரிமாருக்கும் இப்படி ஆளுக்கொரு அற்புதக் கதை உண்டு, ஆனால் அவர்கள் முப்பத்தாறு தரம் வா என்று கேட்டதில்லை. எண்ணெயும் ஒரு பத்தும் போட்டு, கோழிக்கறி தின்னாதே என்று அனுப்பிவிடுவார்கள்.

கிளிநொச்சியில் கைரோபிராக்டர் பலகை எதையும் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த பிறகு மாவட்ட ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிள்ளையிடம்தான் போனேன். காசில்லை, காலையில் போய் வாங்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் பக்கத்துக் காணி அண்ணையைக் கண்டேன். ஒரு கால் செயற்கைக் கால், நெடுநாளாக நாரி வலி. அந்தப் பிள்ளை அவரை நிற்க வைத்துப் பின்பக்கமிருந்து பார்த்துவிட்டு, இரண்டு இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் இல்லை, கால் தேய்ந்து குட்டையாகிவிட்டது, செயற்கைக் கால் செய்கிற யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் காட்டுங்கள் என்றாள். காலைச் சரிசெய்துகொண்டு வந்த பிறகு வலி பாதி. முதுகை யாரும் தொடவே இல்லை.

என் பயிற்சி இதுதான்: நாலு காலில் மாடு மாதிரி நின்று, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டி, பத்துச் செக்கன் பிடிக்க வேண்டும். முற்றத்தில் படங்கு விரித்துச் செய்கிறேன். நாய் பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்க்கும். மனைவி ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, "தவிடு போடட்டோ?" என்று கேட்டாள்.

மகள் வேலையால் வந்ததும் படிவத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லு. தோளைப் பற்றி அவள் கேட்பாள். பரந்தன் சந்தியில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினதிலிருந்து சொல்லு, அந்த சைக்கிள் என்னுடையது என்பதையும் மறக்காமல் சொல்லு.

மழை திரும்பவும் இருட்டிக்கொண்டு வருகிறது. வரம்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
சைக்கிளைப் பறிகொடுத்தவன்