லிமிடெட் எடிஷன் என்பதால் மட்டும் விலை ஏறாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இன்று வாங்கிப் பத்திரப்படுத்தினால் இருபது, முப்பது ஆண்டுகளில் நல்ல விலைக்குப் போகும் என்று சில புதிய கார்களைச் சென்ற இதழில் பட்டியல் போட்டிருந்தீர்கள். பெரும்பாலானவை, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் செய்து விற்கும் விலை உயர்ந்த லிமிடெட் எடிஷன்கள். பழைய கார்களைப் பிரித்துச் சேர்ப்பதையே தொழிலாகச் செய்பவன் நான். அந்தக் கணக்கு சரிவராது என்பது என் எண்ணம். அதை நம்பி யாராவது சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1976-இல் நடந்ததைப் பாருங்கள். கூரையை மடக்கித் திறக்கும் எல்டொராடோ கன்வர்ட்டிபிள் காரை அந்த ஆண்டோடு நிறுத்துவதாக கேடிலாக் நிறுவனம் சொன்னது. இனி அமெரிக்காவில் அப்படி ஒரு கார் வரவே வராது என்று பேச்சு பரவியது. அந்த ஒரு வருடத்தில் சுமார் 14,000 கார்கள் தயாராயின. கடைசி 200 கார்களை ஒரே மாதிரி வெள்ளை நிறத்தில் செய்தார்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கி, ஓட்டாமல் ஷெட்டில் பூட்டி வைத்தவர்கள் பலர். 1984-இல் அதே நிறுவனம் மறுபடியும் எல்டொராடோ கன்வர்ட்டிபிளைக் கொண்டுவந்தது. வாங்கி வைத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பந்தயத் தொடக்கத்தில் முன்னே ஓடும் காரின் நினைவாக 1978-இல் வந்த கார்வெட் பேஸ் கார் 6,502 வண்டிகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். ஓட்டாமல் வைத்த வண்டிகள் அத்தனை பேரிடம் இருந்தால் விலை எப்படி ஏறும்?

ஊரெல்லாம் பத்திரப்படுத்துகிற வண்டி அரிதாவதில்லை. எல்லோரும் ஓட்டித் தேய்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிய வண்டிதான் அரிதாகிறது. இதற்குக் கார் உதாரணம்கூடத் தேவையில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் நம் ஊரில் 1985 முதல் 1996 வரை வந்தது. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒன்று நின்றது. இன்று ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் சைலன்ஸரோடு ஒன்று கிடைத்தால் லட்சத்துக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கிறது. கொடுப்பவர் யார்? கல்லூரி வாசலில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏங்கி, வாங்க வசதியில்லாமல் இருந்து, இப்போது ஐம்பதை நெருங்குகிறவர்.

டொயோட்டா சுப்ரா ஸ்போர்ட்ஸ் காருக்கு நடந்ததும் இதுதான். ஒரு ஹாலிவுட் படத்தில் ஓடிய 1994 மாடல் சுப்ரா 2021-இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 5.5 லட்சம் டாலருக்குப் போனது. அந்தப் படத்தைப் பள்ளிப் பருவத்தில் பார்த்த தலைமுறையின் கையில் இப்போது பணம் இருக்கிறது. ஆகவே இன்று நாற்பது லட்சம் கொடுத்து யார் எதை வாங்குகிறார் என்பதைவிட, இன்று பத்தாம் வகுப்பு படிக்கிற பையனும் பெண்ணும் எந்தக் காரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

லிமிடெட் எடிஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூட்டம் விரும்பிய ஒரு சாதாரணக் காரின் உச்ச வடிவமாக அது இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ 2010 முதல் 2022 வரை நம் சாலைகளில் விற்ற வண்டி. அதை ஓட்டிப் பழகிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2016-இல் வந்த போலோ ஜி.டி.ஐ. இந்தியாவுக்கென்று 99 தான் ஒதுக்கினார்கள். மூன்று கதவு, 190 குதிரைத்திறன். ஏறத்தாழ 26 லட்சம் விலை சொல்லி, அது விற்காமல் பிறகு லட்சக்கணக்கில் குறைத்தார்கள். அன்று ஷோரூமில் தேங்கிய அந்த வண்டிதான் என் பட்டியலில் முதல் இடம். 2020-இல் 200 மட்டும் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245-ஐயும் இதே காரணத்துக்காகச் சேர்ப்பேன். சாதாரண மாடலையே யாரும் விரும்பாத ஒரு எஸ்.யூ.வி.க்குக் கறுப்பு பெயின்டும் நம்பர் போட்ட தகடும் ஒட்டிவிட்டால் அதற்கு இந்த மரியாதை வராது.

அப்புறம் மாருதி ஜிப்ஸி. ராணுவத்திலும் போலீஸிலும் வனத்துறையிலும் ராலி பந்தயத்திலும் உழைத்த வண்டி. நல்ல ஜிப்ஸியின் விலை இப்போதே இறங்க மறுக்கிறது. டாடா நானோவைப் பலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன், ஆனால் 2009-இல் வந்த முதல் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். பின்பக்கம் 624 சி.சி. இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட்டு, திறக்க முடியாத பின்கதவு. ஒரு லட்ச ரூபாயில் கார் செய்வதற்காகப் பொறியாளர்கள் எங்கெங்கே மிச்சம் பிடித்தார்கள் என்பது அந்த வண்டியில் கண்ணுக்குத் தெரியும். கோடிக்குப் போகாது. ஆனால் கெடாத ஒன்றைத் தேடி நாளை மியூசியங்கள் வரும்.

உங்கள் கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. விலை ஏற வேண்டுமானால் வண்டி முதலில் உயிரோடு இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத கார்புரேட்டர் காலத்து வண்டி எந்த நிலையில் வந்தாலும் எனக்குப் பயமில்லை. இரும்புப் பாகம் எதுவானாலும் கோவை லேத் பட்டறைகளில் கடைந்து தந்துவிடுவார்கள். இப்போது என் பட்டறையில் ஒரு வெளிநாட்டு செடான் நிற்கிறது. இன்ஜின் தங்கம், பாடியில் துரு இல்லை. ஸ்டீயரிங் லாக்கைக் கட்டுப்படுத்தும் உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு செத்துவிட்டது. சாவியை வண்டி அடையாளம் காணாததால் ஸ்டார்ட் ஆகவே மறுக்கிறது. புதிய போர்டு வருவதில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடியும் அதே எண்ணுள்ள போர்டு அகப்படவில்லை. தொடுதிரையும், சின்னக் கம்ப்யூட்டர் போன்ற கன்ட்ரோல் யூனிட் முப்பது நாற்பதும் உள்ள இன்றைய கார்கள் 2050-இல் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். எலெக்ட்ரிக் காரில் 2001-இல் பெங்களூரில் பிறந்த ரேவாவைக் காப்பாற்றுவதே எளிது. அதில் இருப்பவை சாதாரணக் கார்களில் உள்ளது போன்ற லெட் ஆசிட் பேட்டரிகள். பூட்டி வைத்த லித்தியம் பேட்டரி இருபது வருடத்தில் என்ன ஆகும் என்று பார்க்காமல் எலெக்ட்ரிக் காரில் முதலீடு செய்யச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைத்திருக்கும் வண்டியை மாற்றாதீர்கள் என்றும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வாங்க வருபவர் கதவின் ரப்பர் பீடிங்கை உரித்து, அடியில் கம்பெனியில் தகடுகளைப் பற்றவைத்த ஸ்பாட் வெல்டிங் குழிகள் வரிசையாகத் தெரிகின்றனவா, பெயின்ட் வேறு நிறமா என்றுதான் முதலில் பார்ப்பார். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே முத்திரை இருக்கிறதா, இரண்டாவது சாவி, ஜாக்கி, டூல் பை, சர்வீஸ் புத்தகம், முதல் பில் உண்டா என்று கேட்பார். எல்.இ.டி. விளக்கும் புது சீட் கவரும் போட்டு, பழையதைத் தூக்கிப் போட்டவர்கள் கடைசியில் அதையே தேடி அலைகிறார்கள்.

கடைசியாக அரசு விதி. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால்தான் அது விண்டேஜ் வண்டி. சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது கடந்த கார்களுக்கு 10,000 ஆனது. டில்லியில் 10 வயது டீசல், 15 வயது பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ நல்ல வண்டிகள் அடிமாட்டு விலைக்குப் போயின. முதல் மாருதி 800 வண்டிகள் 1983 டிசம்பரில் வந்தவை. அவையே 2033 வரை விண்டேஜ் ஆக முடியாது. 1984-இல் தொடங்கி 2002-இல் நின்ற கான்டெஸா காரின் கடைசி வண்டிகள் 2052 வரை காத்திருக்க வேண்டும். 15 ஆண்டுப் பதிவு முடிவதற்கும் 50 வயதில் விண்டேஜ் ஆவதற்கும் நடுவிலுள்ள இந்த 35 வருட இடைவெளியில்தான் நாளைய கலெக்டர் கார்கள் நசுங்கிப் போகின்றன.

ஜெர்மனியில் 30 வயது கடந்து, ஒரிஜினல் நிலையில் இருக்கும் காருக்குத் தனி நம்பர் பிளேட்டும் வரிச் சலுகையும் உண்டு. பிரிட்டனில் 40 வயது கடந்த காருக்குச் சாலை வரி இல்லை. நம் நாட்டிலும் 30 வயதில் ஒரு நடுப் பிரிவு வேண்டும். கண்டிப்பாகச் சோதித்து, வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தாலும் சரி. தொண்ணூறுகளில் வந்த வண்டிகள் இப்போது அந்த வயதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. போக்குவரத்துத் துறையிடம் இதுபற்றிக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை உங்கள் அடுத்த இதழ் ஒன்றில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் பட்டறை வைத்திருக்கும் வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.