கிளாரெண்டன் கவுண்டி தொடருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பினத்தவர் பள்ளிக்காகவும் ஓட்டுக்காகவும் நடத்திய வழக்குகளைப் பற்றி நான் எழுதிய தொடரின் கடைசிப் பகுதியும் வெளியாகிவிட்டது. படித்தவர்கள் என்னைத்தான் பாராட்டுகிறார்கள், ஆனால் அதில் உருப்படியாக இருப்பதில் பாதிக்கு மேல் யார் யாரோ என் கையில் கொண்டுவந்து கொடுத்தது. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி சார்ல்ஸ்டனில் இருக்கும் நூலகர் அம்மாவுக்கு. நான் அவரிடம் கேட்டது, பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த பிரிக்ஸ் வழக்கில் நீதிபதி வேட்டீஸ் வேரிங் 1951இல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை மட்டும்தான். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் பிரிவினை செல்லும் என்றார்கள். பிரித்து வைப்பதே சமத்துவமின்மை என்று வேரிங் ஒருவர்தான் எழுதினார், 1954இல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்த இடமும் அதுதான். சரி, அது வந்தது. கூடவே நான் கேட்காத இன்னொரு தீர்ப்பும் வந்தது, "இதை முதலில் படியுங்கள்" என்று ஒரு வரியோடு. 1947, எல்மோர் வழக்கு, அதே வேரிங்.

அது ஓட்டு சம்பந்தப்பட்ட வழக்கு. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தலில் வெள்ளையர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்பது செல்லாது என்று 1944இல் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தென் கரோலினா சட்டமன்றம் அவசர அவசரமாகக் கூடி, பிரைமரி பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களை ஒரேயடியாக ரத்து செய்தது. சட்டமே இல்லை என்றால் ஜனநாயகக் கட்சி ஒரு தனியார் கிளப் மாதிரி, கிளப் யாரைச் சேர்க்கிறது என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாதாம். அந்த மாநிலத்தில் அப்போது அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர்தான் பொதுத் தேர்தலிலும் ஜெயிப்பார், அதனால் பிரைமரியில் ஓட்டு இல்லாதவருக்கு ஓட்டே இல்லாத மாதிரிதான். வேரிங் இந்தத் தந்திரத்தை ஏற்கவில்லை. வழக்குப் போட்ட ஜார்ஜ் எல்மோர் மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் கடை வைத்திருந்தவர். ஜெயித்த பிறகு அவருக்குச் சரக்கு போடுகிறவர்கள் நின்றுவிட்டார்கள், கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள், எல்லாம் போய் 1959இல் செத்தும் போனார். பள்ளிக்கு ஒரு பகுதி, ஓட்டுக்கு ஒரு பகுதி என்று பிரித்து எழுதுவதாக இருந்த தொடர் இதைப் படித்த அன்றே ஒன்றாகிவிட்டது. இரண்டு வழக்கிலும் அதே நீதிபதி, அதே வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், ஜெயித்தவர்கள் தோற்றவர்கள் எல்லோருக்கும் அதே பழிவாங்கல். அம்மா, அந்த ஒரு வரிக்கு நான் உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மதுரை வக்கீல் நண்பருக்கு அடுத்து. பிரிக்ஸ் விவகாரத்தில் மார்ஷல் முதலில் போட்ட வழக்கு சம வசதி கேட்டு மட்டும்தான், பிரிவினையையே நேராக எதிர்த்துப் போடு என்று தூண்டியது வேரிங், இது எனக்குத் தெரியும். ஆனால் அதில் என்ன பெரிய விஷயம் என்று புரியாமல் இருந்தேன். மாநிலச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்கு வந்தால் அன்றைய விதிப்படி மூன்று நீதிபதிகள் உட்கார வேண்டும், அங்கிருந்து அப்பீல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் என்று நீங்கள்தான் போனில் விளக்கினீர்கள். தோற்பது உறுதி என்று தெரிந்தே மேலே போக வழி போட்டுக் கொடுத்த நீதிபதி! நடுராத்திரியில் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கொலம்பியாவில் வீட்டில் தங்கவைத்து, லீவு போட்டு, கிளாரெண்டன் கவுண்டியில் பிரிக்ஸ் வழக்கு பிறந்த சம்மர்டன் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு வந்த தம்பிக்கு நன்றி என்று சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். வழியில் மேரியன் ஏரிப் பக்கம் நிறுத்தச் சொன்னபோது ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்தினாயே, அதற்குத் தனியாக. 1940களில் அணை கட்டித் தண்ணீர் தேங்கியதும் சில கறுப்பினப் பிள்ளைகள் படகு தள்ளித்தான் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு பஸ் உண்டு, இவர்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது. லீவை பியர்சன் என்ற விவசாயி 1947இல் கேட்டது ஒரு பஸ், அவ்வளவுதான். அவருடைய வரி வேறு பள்ளி வட்டாரத்துக்குப் போகிறது என்று ஒரு காரணம் காட்டி 1948இல் வழக்கை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள்.

சம்மர்டன் தேவாலயத்தில் எங்களோடு உட்கார்ந்து பேசிய பாட்டிக்கு இந்த மடலைத் தம்பி படித்துக் காட்டுவான். நான் கொண்டுபோன, பிள்ளைகளுக்குச் சமமான பள்ளி வசதி கேட்டு ஊரார் கொடுத்த 1949 நவம்பர் மனுவின் நகலை வாங்கி மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கையெழுத்தாக விரலை வைத்துக்கொண்டே போனார். இது இன்னார் மாமா, இது அக்கரையில் இருந்தவர், இவர் மகளும் நானும் ஒரே பெஞ்சு. அதில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், அப்பா அம்மா பெயரோடு பிள்ளைகள் பெயரும். வழக்கின் பெயரைத் தாங்கிய ஹாரி பிரிக்ஸ் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், பெட்ரோல் பங்க் வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முதலாளி ஒரு பெட்டி சிகரெட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு அனுப்பினார். விடுதியில் வேலை பார்த்த மனைவி எலைசாவிடம் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்றதும் அவர் வேலையும் போயிற்று. மனுவுக்குப் பின்னால் நின்ற பாதிரியார் ஜோசப் டிலேன் வீடு 1951இல் எரிந்தபோது தீயணைப்பு வண்டி வந்தது, வீடு ஊர் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி நின்று வேடிக்கை பார்த்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு பாட்டி எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை, பிரிக்ஸ் பெயரோடு மட்டும் நிறுத்தக் கூடாது என்பது. எட்டாவது பகுதியில் வெறும் பெயர்களாகவே ஒரு பக்கம் போகிறதே என்று சலித்துக்கொண்ட வாசகர்களே, காரணம் இதுதான்.

தொடரைத் திருத்திய ஆசிரியர் அக்காவுக்கு: "வீரமிக்க", "மகத்தான" எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தீர்கள். வலித்தது. நன்றி.

மார்ட்டின் லூதர் கிங் எங்கே, ஓட்டுரிமைப் போராட்டம் நடந்த செல்மா எங்கே என்று வாராவாரம் கேட்ட நண்பருக்கும் கட்டாயம் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் நச்சரிப்பால்தான் செப்டிமா கிளார்க் பக்கம் போனேன். அரசு வேலையில் இருப்பவர் கறுப்பினத்தவர் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று மாநிலம் 1956இல் சட்டம் போட்டது, பல வருடம் ஆசிரியராக இருந்த அவர் விலக மறுத்து வேலையை இழந்தார். அடுத்த வருடமே சார்ல்ஸ்டன் பக்கத்து ஜான்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில், மாநில அரசியலமைப்பை வாசித்துக் காட்டினால்தான் ஓட்டுப் பதிவு என்ற விதியைத் தாண்டப் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தர ஏற்பாடு செய்தார். பாடம் நடத்தியது பெர்னிஸ் ராபின்சன், பியூட்டி பார்லர் நடத்திக்கொண்டிருந்தவர். முன்னால் கடை, பின்னால் வகுப்பு, வெளியே யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் வீட்டில் இருப்பவர்களுக்கு. சாப்பாட்டு மேசையை எனக்கே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். மேசை இந்த வாரம் காலியாகிவிடும்.

தீர்ப்புகளின் நகல்கள் எல்லாம் ஒழுங்காக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், உடனே அனுப்புகிறேன். கிளார்க் பற்றிய புத்தகத்தை இரவல் கொடுத்தவர் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும், ஜான்ஸ் தீவைப் பற்றித் தனியாக எழுத உத்தேசம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்