கருகிய மூலை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படித்தேன். படித்த கையோடு தூங்கியும்விட்டேன். கோபித்துக்கொள்ளாதே. முதுகுவலி பரவாயில்லை, மோல்டு (அச்சு) மாற்றும் நாளில் மட்டும் தலைகாட்டுகிறது. பட்டறையை மகனிடம் ஒப்படைக்கப் போவதாக எழுதியிருந்தாய். ஒப்படைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாய், எனக்குத் தெரியாதா?

இங்கே போன வாரம் ஒரு கூத்து. உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தும் மெஷினில், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் மூடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் மட்டும் கருகல். முந்தைய ஷிப்டில் மெஷினுக்கு எண்களை வைத்த செட்டர், பிளாஸ்டிக்கைச் செலுத்தும் இன்ஜெக்ஷன் வேகத்தைக் குறைத்திருக்கிறார். கருகல் குறைந்தது, ஆனால் பிளாஸ்டிக் ஓரம்வரை போய்ச் சேரவில்லை. அதற்காகப் பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலின் சூட்டை 20 டிகிரி ஏற்றினார். விளிம்பில் பிசிறு வந்தது. பிசிறுக்காக அழுத்தத்தைக் குறைத்தார். நான் போய் நின்றபோது செட்டிங் தாளில் இருந்த எண்ணுக்கும் மெஷினில் இருந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் மட்டும் சும்மா இருந்தேனா? இரண்டு மணி நேரம் என் பங்குக்குத் திருகினேன்.

கடைசியில் ஆப்பரேட்டர் அம்மாதான் கேட்டார்: "போன வாரமும் இதே மெஷின், இதே மோல்டு. அப்போது கருகவில்லையே?" சுரீரென்றது. மெஷினை நிறுத்தி, மோல்டில் அந்த மூலையைத் துடைத்துப் பார்த்தேன். காற்று வெளியேறும் வழி, ஆழம் 0.02 மில்லிமீட்டர்தான் இருக்கும், பிசின்போலப் படிந்த அழுக்கால் அடைத்துக் கிடந்தது. போக வழியில்லாத காற்று நசுங்கி, சூடேறி, பிளாஸ்டிக்கையே எரித்திருக்கிறது. இன்ஜினில் காற்று நசுங்கிய சூட்டிலேயே, தீப்பொறி இல்லாமல் டீசல் பற்றிக்கொள்வதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நீ. உனக்கு இரண்டு நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். பித்தளைத் தகட்டால் மெல்லச் சுரண்டினேன். (இரும்பை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.) எண்களையெல்லாம் தாளில் உள்ளபடி திருப்பி வைத்து, சூடு நிலைப்படும்வரை வந்த மூடிகளை ஒதுக்கினேன். பிறகு விடியும்வரை ஒரு கருகல் இல்லை.

புதிதாக வந்த பையனிடம் இப்போது தராசைக் கொடுத்திருக்கிறேன். மோல்டு நிரம்பிய பிறகும் பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடிக்கும் ஹோல்டிங் நேரத்தை அரை அரை வினாடியாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மூடியை எடை போடச் சொன்னேன். ஏறிக்கொண்டே வந்த எடை ஓரிடத்தில் நின்றது. பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாசலான கேட் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அழுத்துவது தாழ் போட்ட கதவைத் தள்ளுகிற வேலை. பையனுக்கு ஒரே ஆச்சரியம். "ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்று" என்று நான் அவனுக்கு உபதேசம் செய்தபோது, ஆப்பரேட்டர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

மகன் பட்டறையை எப்படி நடத்துகிறான், எழுது. நாற்காலி விஷயத்தையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்