நடவு நட்ட உடம்பைச் சிலையில் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவர் பெயரே தெரியாமல் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர், நானும் அப்படித்தான், அதனால் முதலில் நன்றி. ஆனால் பிறப்பு, படிப்பு, விருது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டு, சிலைக்கு வரும்போது நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு இடுப்பு வலி தாங்க முடியாமல் போய் சென்னைக்கு அழைத்துப் போயிருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு சாயங்காலம் கடலைப் பார்க்கணும் என்றார்கள், கூட்டிப் போனேன். கடலுக்குப் போகும் வழியிலேயே அந்தச் சிலை முன்னால் நின்றுவிட்டார்கள். நான்கு ஆட்கள், இடுப்பில் ஒரு துணி, பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "காலை எப்படி ஊனி நிக்கிறான் பாரு, இவனுக்கும் ராத்திரி இடுப்பு வலிக்கும்டா" என்றார்கள். பத்து வயதிலிருந்து நடவுக்குப் போனவர் என் அம்மா. அந்தச் சிலையைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் இதுவரை படிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது. ராய் சௌத்ரி 1899இல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர் பக்கம் பிறந்தவர், அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் படித்தவர், 1929இல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக வந்து முப்பது வருடம் போல இங்கேயே இருந்தவர். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்தது. அவர் மல்யுத்தம் செய்தவர் என்பதையும் ஒரு வரியில் போட்டிருந்தீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எதிராளியின் பாரம் தன் மேல் இறங்கும்போது முதுகு எங்கே வளையும், தொடை எங்கே இறுகும் என்று உடம்பால் தெரிந்தவர் செய்த சிலை அது. தலைவர்களையும் அவர் செய்திருக்கிறார், அதே கடற்கரையில் இருக்கும் காந்தி சிலை அவருடையதுதான். ஆனால் 1959இல் வைத்த அந்த நான்கு பேருக்குப் பெயர் கிடையாது, மாலை போட நாளும் கிடையாது, மே தினத்தைத் தவிர. பாட்னாவிலும் தலைவர்களைச் செய்யவில்லை, 1942இல் கொடியேற்றப் போய்க் குண்டடி பட்டுச் செத்த ஏழு மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக, விழுந்தவனையும் விழப்போகிறவனையும் சேர்த்தே செய்திருக்கிறார்.

இன்னொன்று. டெல்லியில் இருக்கும் தண்டி யாத்திரைச் சிலை, காந்தியும் பின்னால் பத்துப் பேரும் நடந்து போவது, அதுவும் இவருடையதே. 2016இல் செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அந்தக் காட்சிதான். திருச்சியிலிருந்து ராஜாஜி 1930இல் கும்பகோணம், மன்னார்குடி வழியாக வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த பாதையில் பிறந்து வளர்ந்த என் அம்மா, தன் சுருக்குப்பையில் ராய் சௌத்ரியின் சிலையைத்தான் மடித்து வைத்திருந்தார்கள் என்று இப்போது நினைத்தால் என்னமோ போல இருக்கிறது.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். பக்கத்து ஊர் ஒன்றில் முச்சந்தியில் நடவு நடும் பெண் என்று ஒரு சிமெண்ட் சிலை வைத்திருக்கிறார்கள். நெட்டுக்குத்தாக நிற்கிறாள், தலையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), கழுத்தில் அட்டிகை, காலில் கொலுசு, புடவையில் ஒரு பொட்டு சேறு இல்லை, முகத்தில் சிரிப்பு. அம்மாவுக்குக் காட்டினேன், பேருந்து நகரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. நடவு அப்படியா இருக்கும்? கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில், குனிந்த தலை நிமிராமல், இடது கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு வலது கைப் பெருவிரலால் நாற்றைச் சேற்றில் அழுத்தி அழுத்திப் பின்னாலேயே நடந்து போவார்கள், பத்துப் பெண்கள் ஒரே வரிசையில், ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் அவள் பங்கையும் சேர்த்து நட்டுவிடுவாள். வரப்புக்கு ஏறும்போது முதுகை உடனே நிமிர்த்த முடியாது, கையைத் தொடையில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுந்திருப்பார்கள். அந்த ஒரு நொடி போதும் ஒரு சிற்பிக்கு. இயந்திர நடவு வந்துவிட்டது, இன்னும் பதினைந்து வருடத்தில் அந்த எழுந்திருப்பைப் பார்த்துச் செய்ய ஆளே இருக்க மாட்டார்கள்.

செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றும் வேலை சுவாமிமலையில் இன்றும் நடக்கிறது. 2023இல் டெல்லி ஜி20 மாநாட்டுக்கு 27 அடி நடராஜர் போனது அங்கிருந்துதான். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே சிற்பம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு சம்பா நடவுக்கு வயலில் வந்து நிற்கட்டும், உருவம் பிடிக்கட்டும், சுவாமிமலையில் வார்க்கட்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் தினம் எத்தனை நூறு பேர் காத்து நிற்கிறோம், அந்த ரோட்டோரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும்.

உங்கள் பத்திரிகை இதை ஒருமுறை எடுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற நடவுக்கு உங்கள் போட்டோகிராபரை அனுப்பினால் எந்த வயல், எந்தக் கூட்டம் என்று நான் காட்டுகிறேன். அம்மாவும் வரப்பு வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம்.