பெயரை அடித்து எழுதும் உரிமை

ஆசிரியருக்கு,

வணக்கம். பிரான்ஸ் உள்ளாட்சித் தேர்தல் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் பாரிஸ், லியோன், மார்சேய் மட்டும்தான் இருந்தன. இங்கே சுமார் 35,000 கொம்யூன்கள் உண்டு, அதாவது தனக்கென மன்றமும் மேயரும் உள்ள ஊர்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூடக் கிடையாது. அப்படியோர் ஊரிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் மன்றத்தில் 11 உறுப்பினர்கள். மேயரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் அலுவலகமான ‘மேரி’யின் செயலர் வாரத்தில் இரண்டு அரைநாள்தான் வருவார். மற்ற நேரத்தில் மேயர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம்.

2020 மார்ச் 15 இரவு வாக்கு எண்ண என்னையும் உட்காரச் சொன்னார்கள். இங்கே எண்ணுவது வாக்காளர்களேதான், மேசைக்கு நான்கு பேர். ஒருவர் உறையைப் பிரித்துச் சீட்டை நீட்ட, இன்னொருவர் பெயர்களைச் சத்தமாக வாசிக்க, நானும் பக்கத்து வீட்டம்மாவும் தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். 1,000 பேருக்குக் குறைவான ஊர்களில் அப்போது வேண்டாத பெயரைப் பேனாவால் அடித்துவிடலாம். வேறு வேட்பாளரின் பெயரை எழுதியும் சேர்க்கலாம். ஒரு சீட்டில் பத்துப் பெயர் அடிபட்டு ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கோடுகள் நடுங்கியிருந்தன, வயதானவர் கை. ஒவ்வொரு பெயரையும் யோசித்து யோசித்து அடித்திருக்கிறார்.

2025 மே மாதச் சட்டம் இதை எடுத்துவிட்டது. 2026 தேர்தலிலிருந்து சிற்றூருக்கும் பட்டியல் முறைதான், அதாவது ஒரு பட்டியலை அப்படியே முழுதாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆண், பெண் மாறி மாறி வர வேண்டும். பெயரை அடித்தால் சீட்டே செல்லாது. பெண்களுக்குச் சரிபாதி இடம் கிடைப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் எங்கள் ஊரில் நின்றது ஒரே பட்டியல். அப்புறம் வாக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பது? நகரத்தில் கட்சியைப் பார்த்துப் போடுகிறார்கள், சரி. இங்கே எல்லாரையும் முகம் பார்த்துத் தெரியும். யார் கூட்டத்துக்கு ஒழுங்காக வருவார், யார் வரமாட்டார் என்பதும் தெரியும். புதுப் பெயர் சேர்ப்பதைத் தடுத்துவிட்டு, அடிக்கும் உரிமையையாவது விட்டுவைத்திருக்கலாம்.

1968-க்குப் பிறகு புதுச்சேரியில் 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அன்று வரிசையில் நின்று வாக்களித்தவள் நான். எங்கள் தெருவுக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் உரிமைக்காக என் பெற்றோர் 38 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதனால்தான் அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது எனக்கு இவ்வளவு வலிக்கிறது. அடுத்த முறை இந்தச் சிற்றூர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

ஒரு வாசகி,
ஓவெர்ன், பிரான்ஸ்