மேசைக் கணக்கில் வராத வேலை: மயக்க மருத்துவப் பணியிடங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சுக்கும் பொது மருத்துவமனைகளின் அறுவைக் கூட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூர் அறுவைக் கூடங்களில் மயக்க மருத்துவப் பணியில் இருக்கும் மருத்துவர்களும் தாதியரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். மயக்க மருத்துவத்துக்கு ஆள் ஒதுக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை அறுவை மேசை ஓடுகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அறுவைக்கு முந்திய வாரத்தில் நடக்கும் வேலையையும், அறுவை முடிந்தபின் நோயாளி மயக்கம் தெளியும் ரிகவரி அறையில் நடக்கும் வேலையையும் சேர்த்து எண்ணுங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

எங்கள் துறையின் அண்மைய ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன. இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ரீகெய்ன் ஆய்வு 2021இல் வெளியானது. முதுகுத்தண்டு ஊசி போட்டவர்களில் 18.5 விழுக்காட்டினர் 60 நாளில் இறந்துவிட்டார்கள் அல்லது பிறர் துணையின்றி நடக்க முடியாமல் போனார்கள். முழு மயக்கம் கொடுத்தவர்களில் அது 18.0 விழுக்காடு. மயக்கத்தின் ஆழத்தை ஒப்பிட்ட பேலன்ஸ்ட் ஆய்விலும் (2019, ஏறத்தாழ 6,600 பேர்) ஓராண்டு இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. எந்த முறை, எவ்வளவு ஆழம் என்று நாங்கள் பல காலம் வாதிட்டவற்றைவிட, நோயாளி எந்த நிலையில் மேசைக்கு வருகிறார், எந்த நிலையில் அதைவிட்டு இறங்குகிறார் என்பதே இனி அதிகக் கவனம் கேட்கிறது.

முன்பகுதியை எடுத்துக்கொள்வோம். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்த செய்தி. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளைத் திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். சர்க்கரை அளவோ இயல்பாகவோ சற்றுக் கூடவோதான் காட்டும். குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதி அடைபவர் இதைத் தவறவிடுவார், கீட்டோனைத் தனியே சோதித்தால்தான் பிடிபடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அழைப்பு அறுவைக்கு முந்திய நாள் மாலையில் போனால் பயனில்லை. நான்கைந்து நாள் முன்பே ஒருவர் தொலைபேசியை எடுத்தாக வேண்டும்.

நீரிழிவுக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகளின் கதை வேறு. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவர் வயிற்றிலும் திட உணவு கிடக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். 2023இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னது. 2024இல் பல சங்கங்கள் சேர்ந்து தந்த வழிகாட்டல் பெரும்பாலோர் தொடரலாம் என்றது. மருந்தளவு ஏறிக்கொண்டிருப்பவர், குமட்டல் வாந்தி உள்ளவர் போன்றோரைத் தனியே பிரித்து, முந்திய 24 மணி நேரம் நீராகாரம் மட்டும் தரலாம், ஐயம் இருந்தால் இரைப்பையை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம் என்றும் சொன்னது. ஆக, இனி ஒரே விதியை எல்லார்க்கும் அச்சடித்துக் கொடுக்க முடியாது, ஆளுக்கு ஆள் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் பலர் ஊசியைச் சொல்லமாட்டார்கள். எடை குறைக்கத் தனியார் மருந்தகத்தில் வாங்கியது பதிவிலும் இல்லாமல் போகலாம். “வாரத்துக்கு ஒருதரம் ஊசி ஏதாவது போட்டுக்கிறீங்களா?” என்று அதையே கேட்க வேண்டும்.

பட்டினி விஷயத்திலும் இப்படித்தான். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பழைய விதி. ஆனாலும் தமிழ் பேசும் முதியவர்களுக்கு “நடுராத்திரிக்கு மேல் தண்ணிகூடக் கூடாது” என்றுதான் இன்னும் போய்ச் சேர்கிறது. பிற்பகல் அறுவைக்கு வரும் எழுபது வயதுக்காரர் வறண்டு போய் வருகிறார், மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தம் சரிகிறது. பால் கலக்காத கோப்பி ஓ தெளிந்த பானம், இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் கலந்த கோப்பி, தே தாரிக், மைலோ மூன்றும் உணவுக் கணக்கு, ஆறு மணி நேரம். இந்த நான்கு பெயர்களையும் போட்டுத் தமிழில் ஒரு தாள் கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி பின்பகுதி. அறுவைக்காகத் தரும் தசைத்தளர்ச்சி மருந்தின் வேகம் முழுவதும் தணிவதற்குள் செயற்கைச் சுவாசக் குழாயை எடுத்துவிடுவதுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருவது. நரம்பை நான்கு முறை மின்னால் தூண்டி, நான்காவது அசைவை முதல் அசைவோடு ஒப்பிடும் ‘ட்ரெய்ன் ஆஃப் ஃபோர்’ விகிதம் 0.9ஐத் தொட்ட பிறகே எடுக்க வேண்டும், அதைக் கருவியால் அளக்க வேண்டும், கண் இமையில் வைக்காமல் கட்டைவிரலில் அளக்க வேண்டும் என்று 2023இன் அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது. விகிதம் 0.4ஐத் தாண்டிவிட்டால் விரல் அசைவின் தளர்வைக் கண்ணாலோ கையாலோ கண்டுகொள்ள முடியாது. 0.4க்கும் 0.9க்கும் இடையில் இருப்பவர் மூச்சு விடுவார், கையை அழுத்துவார், தலையைக்கூடத் தூக்குவார். தொண்டைத் தசை மட்டும் எச்சிலைச் சரியாக விழுங்காது.

கருவியை வாங்கி வைப்பதோடு இது முடிவதில்லை. மின்பட்டைகளை மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் ஒட்டி, தளர்ச்சி மருந்து செலுத்தும் முன்பே கருவியை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். கட்டைவிரலின் அசைவை அளக்கும் அதிர்வுணரி வகைக் கருவியில் இயல்பான விகிதமே 1.0ஐத் தாண்டி நிற்கும். முன்பே திருத்தாவிட்டால் அது காட்டும் 0.9 உண்மையில் அதைவிடக் குறைவு. கையைத் துணிக்குள் ஒடுக்கிக் கட்டினால் கட்டைவிரல் அசையாது, எண் பொய் சொல்லும். அப்படிப்பட்ட அறுவைகளுக்குத் தசையின் மின்னலையை அளக்கும் வகைதான் பொருந்தும். மயக்கம் தொடங்கும் அந்த இரண்டு நிமிடத்தில் மருத்துவரின் கை முகமூடியில் இருக்கும். ஒட்டுவதும் திருத்துவதும் பயிற்சி பெற்ற இன்னொருவர் வேலை. அவரை அடுத்த அறைக்கும் பொறுப்பாக்கினால் கருவி அலமாரியிலேயே கிடக்கும்.

தசைத்தளர்ச்சியை முறிக்கும் சுகமாடெக்ஸ் மருந்து வந்துவிட்டதால் இந்தக் கவலை போய்விட்டது என்பாரும் உண்டு. நாங்கள் உடன்படவில்லை. அந்த நான்கு தூண்டலில் இரண்டுக்குத் துடிப்பு திரும்பியிருந்தால் கிலோவுக்கு 2 மில்லிகிராம், அதைவிட ஆழமான தளர்ச்சியில் 4 மில்லிகிராம் என்பதால் அளந்தால்தான் அளவே தெரியும். குறைத்துக் கொடுத்தால் ரிகவரி அறையில் தளர்ச்சி திரும்பும். இந்த மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதால், அதை எடுக்கும் பெண்களுக்கு, அடுத்த ஏழு நாள் வேறு பாதுகாப்பும் வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் முன் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று பணிப்பட்டியலில் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

2030இல் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். அறுவைக்குப் பிந்திய மனக்குழப்பம் அவர்களுக்குத்தான் அதிகம். அதைக் கண்டறியும் 4ஏடி சோதனை டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லக் கேட்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டு, பதில் வராததைக் குழப்பம் என்று எழுதுவது அநியாயம். மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் ரிகவரி அறைக்கு அவருடனேயே வந்துசேர வேண்டும், வார்டுக்குப் போனபின் அல்ல.

மருத்துவர் அல்லாதவரை மயக்கம் கொடுக்கப் பழக்கினால் ஆள் பஞ்சம் தீரும் என்ற யோசனையும் எழலாம். பிரிட்டனைப் பாருங்கள். பொறுப்பும் மேற்பார்வையும் தெளிவாகுமுன் ஆள் பெருக்கியதால், 2023இல் அங்குள்ள மயக்க மருத்துவர்களின் தொழில் அமைப்பான மயக்கவியலாளர் கல்லூரியின் உறுப்பினர்களே அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தி வையுங்கள் என்று வாக்களித்தார்கள். இங்கே 2006 முதல் உயர்நிலைப் பயிற்சித் தாதியர் பதிவு இருக்கிறது. அவர்களை அறுவைக்கு முந்திய மதிப்பீட்டுக்கும் ரிகவரி அறைக்கும் வலி நிர்வாகத்துக்கும் கொண்டுவாருங்கள். மயக்கம் கொடுப்பது மருத்துவர் கையிலேயே இருக்கட்டும்.

எனவே அடுத்த ஆண்டுப் பணியிடக் கணக்கில் மூன்று வரிகளைத் தனியே சேருங்கள்: அறுவைக்கு ஐந்து நாள் முன்பே நோயாளியை அழைத்துப் பேசும் தாதி, மயக்கம் தொடங்கும்போதும் கலையும்போதும் அந்த அறையை விட்டு நகராத உதவியாளர், ரிகவரி அறையில் மாலைப் பட்டியல் முடியும்வரை குறையாத எண்ணிக்கை. கட்டப்படும் புதிய மருத்துவமனைகளில் மேசைகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் அதே தாளில் இந்த மூன்று எண்களையும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் மயக்க மருத்துவப் பணியிலுள்ள தமிழர் சிலர்